பிறர் வண்டியும் திருத்துவோன் கையும்

ஒருவன் தன் உடைமையைக் கையாளுவதற்கும் பிறருடைமையைக் கையேற்று நடத்துவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தன் பொருள் கெட்டால் அது தன் வருத்தத்தோடு முடியும். பிறர் பொருள் கெட்டாலோ, அதன் விலையை எண்ணிக் கொடுத்த பின்னரும் தீராத கடன் ஒன்று எஞ்சி நிற்கும். சிலப்பதிகாரத்திலே அடைக்கலக் காதை எனத் தனியொரு காதை அமைந்திருப்பதும், கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்போது அத்துணை விரிவாகப் பேசுவதும் இது பற்றியே போலும். பொற்கொல்லர், தையற்காரர், கடிகாரந் திருத்துவோர் ஆகிய பலரும் நாள்தோறும் அடைக்கலப் பொருளோடு பழகுவோரே. எனினும் அவருள் எவரும் அப்பொருளைத் தாம் அணிந்துகொண்டு தெருவிலே நடந்து பார்க்க வேண்டுவதில்லை. மோட்டார் வண்டி திருத்துவோனுக்கோ அக்கட்டாயம் உண்டு. திருத்திய வண்டியை ஓட்டிப் பாராமல் உரியவரிடம் ஒப்படைப்பவன் தன் தொழிலைப் பாதியிலே விட்டவனாவான்.

தமிழாசிரியர் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். எம்மிடம் தமிழ் பயின்று சென்றவருள் வண்டித் திருத்தகங்களிற் பணிபுரிவோர் பலர். அவர்தம் தொழிலின் நுட்பத்தை அறியாது அவரை மதித்தல் இயலாது. அன்றியும், பிறர் ஊர்தியைச் செலுத்துவோன் தமிழிலக்கியத்துக்குப் புதியவன் அல்லன். முல்லைப் பாடல்களிலே தலைவன் பேசுவது பெரும்பாலும் தேர்ப்பாகனோடுதான். அகநானூற்று நான்காம் பாட்டிலே, பூவில் உறையும் வண்டினங்கள் வெருவாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வரும் தலைவன் ஒருவனைக் காண்கிறோம். ஓசையை அடக்கிச் செலுத்துதலும் ஒரு திறமை என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

நிற்க, ஓட்டிப் பார்த்தல் ஏன் வேண்டும் என்பதை முதலிற் கூறுவோம். நின்றவிடத்தில் நிற்கும் வண்டி தன் குறைகளுட் பலவற்றை வெளியிடாது. ஏற்றத்திலே வழுக்கும் கிளச், பாரம் ஏறியதும் தானே கழன்று வெளிவரும் கியர், குறித்த ஒரு கதியில் மட்டும் நடுங்கும் முன்சில்லு, சூடேறிய பின்னரே ஒரு பக்கம் இழுக்கும் பிறேக் முதலியன எல்லாம் வீதியிலேதான் தோன்றும். நோயாளியை நடக்கச் சொல்லிப் பார்க்கும் வைத்தியர் போலத் திருத்துவோன் வண்டியை நடத்திப் பார்க்கிறான். பழைய பந்தய வகை வண்டிகளில் இத்தேவை இருமடங்காகும். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பழக்கங்கள் உண்டு. இன்றைய வண்டியிலே பழகிய கை அங்கே தவறு செய்யும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பிலிருந்து நிலாவெளிக் கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்த அன்பர் ஒருவர் தம் எம். ஜி. ரி. சி. வண்டியிலே வந்திருந்தார். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட இருவர் அமரும் திறந்த வண்டி அது. மொத்தம் ஏறத்தாழ 10,000 வண்டிகளே அவ்வகையிற் செய்யப்பட்டன. எஞ்சின் 1250 கன சதமமீற்றர் கொள்ளளவுடையது. மேற்றகடு இரும்பாயினும் உள்ளே உடலைத் தாங்கும் சட்டம் ஆஷ் என்னும் மரத்தாலானது. சில்லுகள் சைக்கிளினது போலக் கம்பிகளால் ஆனவை. 19 அங்குல உயரத்தன. உரியவர்க்கு அது தந்தையார் விட்டுச்சென்ற பொருள். கந்தளாயைக் கடந்த பின்னர் இருமுறை வழியில் நின்றுவிட்டதாகவும், சற்றுப் பொறுத்துத் திருப்பினால் ஒன்றும் நிகழாததுபோல ஓடியதாகவும் கூறினார். ஊரார் வழிகாட்ட, அவ்வண்டி எமக்கு நெடுநாட் பழக்கமான திருத்துநர் ஒருவரின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

யாம் அங்கே இருந்தமை தற்செயல். ஆயினும் அன்று கண்டவை இன்றும் எம் கண்முன் நிற்கின்றன. திருத்துநர் போனற்றைத் திறக்கவில்லை. முதலில் இடுப்பிற் கட்டியிருந்த வாரைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் இட்டார். வாரின் கொளுக்கி வர்ணத்திற் பட்டாற் கீறும் என்பது காரணம். பின்பு உரியவரை அழைத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை வலம்வந்து, முன்பே இருந்த கீறல்களையும் நெளிவுகளையும் சிறு குறிப்பேட்டில் எழுதினார். ஓடிய மைல்களின் தொகையையும் எழுதி அவரிடமே காட்டினார். இதனை அவர் அவநம்பிக்கையாற் செய்யவில்லை. பின்னர் ஐயம் எழுவதற்கு இருவருள் எவர்க்கும் இடமிராமற் செய்வதே அவர் கருத்து.

அடுத்து ஆளியைத் திருப்பிக் காதைக் கொடுத்து நின்றார். அவ்வண்டியிலே பெற்றோலை இறைப்பது எஸ். யு. என்னும் மின்பம்பி. உள்ளே ஒரு மின்காந்தம் தோல் போன்ற தகடு ஒன்றை இழுத்து விடும். ஒவ்வோர் இழுப்புக்கும் "டிக்" என ஓசை எழும். காபரேற்றர்க் கிண்ணங்கள் நிரம்பியதும் ஊசி வாயில் அடைபட்டுப் பம்பி தானே ஓய்ந்துவிடும். ஆகவே சில தட்டுகளுக்குப் பின் அமைதி நிலவினால் எல்லாம் செம்மை. ஓயாமல் விரைந்து தட்டினால் தாங்கியிலே எண்ணெய் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது வெப்பத்தாற் குழாயினுள் எண்ணெய் ஆவியாகி நிற்கிறது. ஆளியைத் திருப்பியும் ஒரு தட்டுத்தானும் கேளாவிடில் பம்பியின் மின்முனைகள் கருகி ஒட்டிக்கொண்டன என்று அறியலாம். அன்று எல்லாம் ஒழுங்காகவே ஒலித்தது. குறையோ சூட்டிலே தோன்றுவது, ஓடினாலன்றி வெளிப்படாது. நண்பகல் வரை காத்திருந்தார். பின்னர் எம்மைப் பார்த்து, "மாஸ்ரர், பக்கத்தில் ஏறுங்கோ, எனக்கு உங்கடை கண் வேணும்" என்றார்.

அவர் எம் கண்ணை வேண்டியதன் காரணம் ஏறிய பின்னரே விளங்கிற்று. அவ்வண்டியிலே சாரதியின் முன்னே இருப்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் மானி. கதிமானியோ பக்கத்தில் இருப்பவர் முன்னே பொருத்தப்பட்டுள்ளது! பந்தயக்காரனுக்கு எஞ்சினின் சுற்றே முக்கியம், மைற்கணக்கு அன்று என எண்ணினர் போலும் அதனை அமைத்தோர். எனவே எவ்வளவு கதியிற் செல்கிறோம் என்பதை யாமே வாசித்துச் சொல்லவேண்டியிருந்தது. கைப்பிறேக்கும் அப்படியே தலைகீழ். எம் ஊர் வண்டிகளிலே குமிழை அழுத்தினால் பிறேக் விடுபடும். அங்கேயோ குமிழை அழுத்தினாற்றான் அது பூட்டும். அழுத்தாது இழுத்துவிட்டால் உடனே கழன்றுவிடும். அறியாத ஒருவன் சரிவிலே நிறுத்திவிட்டு இறங்கினால் வண்டி அவனுக்கு முன்னே புறப்பட்டுவிடும்.

முதலாங் கியருக்குப் பற்சில்லுகளின் கதியை ஒப்பாக்கித் தரும் அமைப்பு அவ்வண்டியில் இல்லை. ஆதலால் ஓடும்போது அதற்கு இறக்குவதாயின் கிளச்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளச்சை விட்டு, எஞ்சினைச் சற்று உறுமச் செய்து, மீண்டும் கிளச்சை மிதித்து அதன் பின்னரே கியரைச் செலுத்த வேண்டும். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் பொழுதிலே முடிதல் வேண்டும். பிழைத்தால் பற்கள் நறநறவென உரைந்து தேயும். நல்ல திருத்துநர் தம் வண்டியில் இவ்வாறு செய்வதைவிடப் பிறர் வண்டியில் இருமடங்கு கருத்தோடு செய்வர். இரண்டாம் கியருக்கு அவ்வமைப்பு இருந்தும் அவர் அதே முறையிற் செலுத்தியதைக் கண்டு ஏனென வினவினோம். "எழுபது வயதுக்காரனுக்குப் படி ஏறக் கை கொடுக்கிற மாதிரித்தான்" என்றார்.

நிலாவெளியிலிருந்து இறக்கக்கண்டிப் பாலம் வரை நாற்பது மைலைத் தாண்டவில்லை. முதல் ஐந்து மைலும் அதிலும் குறைவே. எஞ்சின் எண்ணெய் சூடேறும்வரை எஞ்சினை வருத்துதல் கூடாது என்பார் அவர். எண்ணெய் அமுக்கமானி சூடேறிய நிலையில் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் நிற்கிறதா என்று அடிக்கடி நோக்கினார். ஒருபுறம் கடல், ஒருபுறம் களப்பு, நேரான வீதி. எம்மைப் போன்றவர்க்கே காலை அழுத்தும் ஆசை பிறந்தது. அவர்க்குப் பிறக்கவில்லையா என்று கேட்டோம். பிறவாமல் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவ்வாசை எழும்போதெல்லாம், இவ்வீதியிலே ஒரு மாடு குறுக்கிட்டால் அந்த மரச்சட்டத்தை யார் திரும்பச் செய்து தருவார் என்னும் கேள்வியும் உடன் எழுமாம்.

கும்புறுப்பிட்டியை அணுகும்போது எஞ்சின் இருமித் தயங்கிற்று. இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி, ஆளியை மீண்டும் திருப்பினார். ஒரு தட்டும் கேட்கவில்லை. அவர் முகத்தில் மகிழ்ச்சியே தோன்றியது! வெப்பத்தாற் குழாயில் ஆவி அடைத்திருந்தாற் பம்பி வெறுங்காற்றை இறைத்து ஓயாமல் தட்டியிருக்கும். அது வாய்மூடி நின்றமையால் குறை மின்முனைகளிலேதான் என்று உறுதியாயிற்று. அவ்வகை வண்டியிலே பம்பி எஞ்சின் அறையின் பின்சுவரிலே, வெப்பத்தின் நடுவே அமர்ந்திருப்பது அதற்கு நன்மை செய்யவில்லை. திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டினார், பம்பி உயிர்பெற்றது. திரும்பி வந்து மின்முனைகளைத் துப்புரவு செய்து இடைவெளியைச் சரியாக்கினார். வேலை ஒரு மணி நேரத்துக்குட் பட்டது. அதன் பின்னும் அதே தூரத்தைக் கடந்து, அதே வெயிலில், இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்த பின்னரே உரியவர்க்குச் சொல்லி அனுப்பினார்.

இக்கேள்விச் செல்வம் அவர்க்கு எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். அவர் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்ட பின்னர் வடபகுதிக்குப் பெற்றோல் செல்லுதல் தடைப்பட்டது. அங்கிருந்த பழைய ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ச், மொறிஸ் மைனர் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின என்பதை எம் வாசகர் பலர் கண்ணாற் கண்டிருப்பர். இளைய மாணவர்க்கு அது கதைபோலத் தோன்றும். அது நிகழ்ந்த வகை இதுவே. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் அரிதாக வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் கொடுத்து எஞ்சினை இயக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவைத்தால் மறுமுறை இயக்குதல் எளிதாகும்.

புதிய வண்டிகள் இதற்கு இசையா. பழைய வண்டிகள் இசைந்தமைக்குக் காரணம் அவற்றின் அமுக்க விகிதம் குறைவாக, ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவில், இருந்தமையே. போர்க்காலத்துத் தரங்குறைந்த பெற்றோலை எண்ணி வகுத்த எஞ்சின்கள் அவை. அந்த எம். ஜி. யின் விகிதமும் அதனை ஒட்டியதே. ஏழை வண்டியும் பந்தய வண்டியும் இவ்வகையில் உறவினரே என்று திருத்துநர் சொல்லிச் சிரித்தார். ஆயினும் மண்ணெண்ணெயை உண்ட எஞ்சின் பாரத்திலே உள்ளே "கடகட" எனத் தட்டும். அத்தட்டொலி எழுந்த கணமே காலைத் தளர்த்தாவிட்டாற் பிஸ்ரன் கெடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும், தாங்கிகள் தேயும். மாற்று உதிரிப்பாகம் வந்துசேர வழியில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பே அந்த ஒரு வண்டியாயிருக்கும். அதனைத் திருத்தி ஓட்டிப் பார்க்கும் பதினெட்டு வயதுப் பையனுக்குக் காது எவ்வாறு கூர்மை பெற்றிருக்கும் என்பதை யாம் விளக்க வேண்டுவதில்லை. விலைமதிப்புள்ள வண்டி என்றால் என்னவென்று அவர் கற்றுக்கொண்டது அங்கேதான், எம். ஜி. பின்னர் வந்தது.

இத்தொழிலில் எல்லாரும் இவ்வாறு இருப்பதில்லை. எம் பெரியதந்தையாரிடம் மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. 1990 இடப்பெயர்வின்போது சில்லுகளைக் கழற்றித் தென்னோலையால் மூடிவிட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது அது அங்கேயே இருந்தது. 2004 மார்கழி 26 இல் எழுந்த கடலும் அதன் அச்சளவோடு திரும்பிச் சென்றது. உப்பு நீர் தொட்ட வண்டியை உடனே இயக்கிப் பார்க்கக் கூடாது என்று அறிந்து, நன்னீரால் மீண்டும் மீண்டும் கழுவி, எண்ணெய் யாவும் வடித்து, பொறுமையோடு மீட்டெடுத்தார். போரும் கடலும் விட்டுவைத்த அவ்வண்டியைக் கெடுத்தது ஒரு திருத்தகம். கிளச் மாற்றுவதற்காக வேற்றூரில் விட்டுவந்தார். மூன்றாம் நாள் சென்றபோது பின்னச்சு முறிந்து கிடந்தது. ஓட்டிப் பார்த்ததில் முறிந்தது என்றனர். மைற்கணக்கோ 60 மைல் ஏறியிருந்தது. கிளச்சைச் சோதிக்க 60 மைல் எதற்கு? அவர் யாரோடும் வழக்காடவில்லை. புதிய அச்சு தேடிப் பொருத்தினார். ஆனால் அதன் பின் அவ்வண்டியைத் தம் கண் மறையவிடவில்லை. குறிப்பேட்டில் மைல் எழுதும் வழக்கத்தை யாம் இத்துணைப் போற்றுவதற்குக் காரணம் இதுவே.

பெருநாடுகளிலே இத்தொழில் புகழுக்கும் உரியதாயிற்று. இத்தாலியின் லம்போகினி ஆலையிலே 1968 இல் தொழில் பழகும் திருத்துநராகச் சேர்ந்த வலன்ரீனோ பல்போனி பின்னர் அதன் முதன்மைச் சோதனைச் சாரதியாகி, அவர் பெயராலேயே 2009 இல் ஒரு வண்டி வெளிவந்தது. ஜாகுவார் ஆலையின் நோர்மன் டூயிஸ் 1953 இல் பெல்சியத்து யபேக் வீதியிலே எக்ஸ். கே. 120 வண்டியை மணிக்கு 172 மைலுக்கு மேற் செலுத்தினார். மேசிடஸ் நிறுவனத்துப் பொறியியலாளர் ரூடொல்வ் ஊலென்ஹவுட் 1955 இல் இரண்டே இரண்டாகச் செய்யப்பட்ட 300 எஸ். எல். ஆர். மூடுவண்டியைத் தம் அன்றாடப் போக்குவரவுக்கே பயன்படுத்தினார். அவற்றுள் ஒன்று 2022 இல் 135 மில்லியன் யூறோவுக்கு விலைபோயிற்று. எனினும் இவர்கள் செலுத்தியவை ஆலையின் வண்டிகள். முறிந்தால் ஆலை பொறுக்கும். எம் திருத்துநர் செலுத்துவதோ ஒரு தனிமனிதரின் தந்தை விட்டுச்சென்ற வண்டி.

விலை என்பது எப்போதும் உலோகத்தைப் பொறுத்ததன்று. கொழும்புக் காலிமுக விடுதியிலே காட்சிக்கு வைக்கப்பட்ட 1935 ஆம் ஆண்டு ஸ்ராண்டட் வண்டி ஒரு சிறிய, எளிய வண்டியே. 1940 இல் இலங்கையிற் கடற்படைப் பணியிலிருந்த இளைஞர் ஒருவர் அதனைப் பழைய வண்டியாகச் சில பவுண்களுக்கு வாங்கினார். அவ்விளைஞர் பின்னாளில் எலிசபெத்து அரசியாரின் கணவரான இளவரசர் பிலிப்பு. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த எமது துறைமுக நகரத்தார்க்கு இத்தகைய கதைகள் புதியனவல்ல.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வீதியிற் செல்லும் வண்டிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அது வழியிற்போவோர்க்கு நேரும் தீங்குக்கு உரியது. வண்டிக்கே நேரும் கேட்டுக்கு அன்று. முழுக் காப்புறுதி இருப்பினும் திருத்துநர் கையில் இருக்கும்போது அது செல்லுமோ என்பதைப் பத்திரத்தை வாசித்தே அறிதல் வேண்டும். பழைய வண்டியை ஒப்படைப்போர் பலர் இதனை வாசிப்பதில்லை. 2020 முதல் ஏறக்குறைய ஐந்தாண்டு தனியார் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது, முற்றத்திலே கோழி அடைந்த பழைய வண்டிக்கும் மதிப்பு ஏறியது. வண்டியைத் தேடி வருவோர் பெருகினர். அதன் ஓசையைக் கேட்டு நோயறிவோர் தொகை பெருகவில்லை. எம் திருத்துநரிடம் இப்போது தொழில் பழகுவோர் இருவரே. அவர்களும் கணினி இணைத்துப் பிழையறியும் புதிய வண்டிகளையே விரும்புகின்றனர். பிழையென்று சொல்லவும் இயலாது, ஊதியம் அங்கேதான் இருக்கிறது. ஆயினும் பம்பியின் தட்டைக் கேட்கும்படி அவர் நாள்தோறும் அவர்களை நிறுத்தி வைக்கிறார்.

அன்று மாலை எம். ஜி. வண்டிக்கு உரியவர் வந்தார். பழுதுபற்றிக் கேட்பதற்கு முன்னர், "வேகமாக ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று சற்று அச்சத்தோடு வினவினார். "அதை மாஸ்ரரைத்தான் கேக்க வேணும், மீற்றர் அவருக்கு முன்னாலைதான் இருந்தது" என்றார் திருத்துநர். யாம் உண்மையைச் சொன்னோம். அவர் சிரித்தார். பின்னர் குறிப்பேடு திறக்கப்பட்டது. முதல் ஓட்டம் 15 மைல், இரண்டாம் ஓட்டம் 21 மைல், கீறல் புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்த வரியின் கீழ் இருவரும் ஒப்பமிட்டனர். ஆளி திரும்பியது. பம்பி ஐந்தாறு தட்டுத் தட்டி ஓய்ந்தது.